பைன் பலகை வாங்குமுன்: தர முத்திரையும் வெட்டுமுகத்து வளையங்களும்

யாழ்ப்பாணத்துத் தச்சுவேலை வன்னிக் காடுகளின் முதிரையையும் பாலையையும், வளவுகளில் நின்ற வேம்பையும் பலாவையும், கூரைக்குப் பனையையும் நம்பி வளர்ந்தது. இந்த மரங்களைத் தூக்கிப் பார்த்தும் தட்டிப் பார்த்தும் தரம் சொல்லக்கூடிய மூத்த தச்சர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் இப்போது நம் கைக்கு வரும் மரத்தில் ஒரு பகுதி வேறு இனத்தைச் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பைன் பலகை, சரக்கோடு வந்த பலற் தட்டுகளைக் கழற்றி எடுத்த துண்டுகள், மலைநாட்டுத் தோட்டங்களில் வெட்டிய பைன் ஆகிய மூன்றும் ஊசியிலை மரங்களிலிருந்து கிடைப்பவை. முதிரையில் பழகிய கண்ணோடு இவற்றைத் தெரிவு செய்தால் லாச்சி இறுகுவதும் மேசைப் பலகை வளைவதும் தவிர்க்க முடியாதவை ஆகிவிடும். அது மரத்தின் குற்றமன்று. அந்த மரம் தன்னைப் பற்றி வெளிப்படையாகக் காட்டும் இரண்டு குறிப்புகளைப் பார்க்காமல் வாங்குவதே காரணம். ஒன்று, ஆலையில் அடித்த தர முத்திரை. மற்றையது, பலகையின் வெட்டுமுகத்தில் தெரியும் வளையங்கள். முத்திரை அந்தப் பலகை எவ்வளவு ஈரத்தோடு, எந்த வேலைக்கென அனுப்பப்பட்டது என்பதைச் சொல்லும். வெட்டுமுகம் அந்தப் பலகை எந்தப் பக்கம் அசையும் என்பதைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே பைன் நல்ல மரமாக அமையும்.

உள்ளமைப்பு

ஊசியிலை மரங்களின் கட்டையை மென்மரம் என்று வகைப்படுத்துவர். இது தாவரவியல் வழிவந்த பகுப்பு ஆகையால், மிக இலேசான பல்சாவும் வன்மரப் பிரிவிலேயே சேரும். குளிர்நாட்டுப் பைன் மரம் வசந்த காலத்தில் வேகமாக வளர்ந்து, சுவர் மெலிந்த பெரிய கலங்களை உண்டாக்குகிறது. கோடை முதிரும்போது சுவர் தடித்த சிறிய கலங்களை உண்டாக்குகிறது. முன்னது வெளிர் வரியாகவும் பின்னது கரு வரியாகவும் தெரியும். இவ்விரு வரிகளும் சேர்ந்ததே ஓர் ஆண்டு வளையம். வெளிர் வரியில் நகம் பதியும், கரு வரியில் பதியாது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் மஞ்சள் பைனில் இந்த வேறுபாடு மிகக் கடுமையாக இருக்கும். கிழக்கத்திய வெள்ளைப் பைனில் அது மெல்லியதாக இருப்பதால் உளி ஒரே சீராக இறங்கும்.

பனையோடு பழகியவர்கள் இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பனைக்கு ஆண்டு வளையமே இல்லை. அதன் வைரம் வெளிப்புறத்தில் இருக்கிறது, உள்ளே இருப்பது சோற்றி. முதிரை, வேம்பு முதலிய மரங்களில் வைரம் உள்ளே இருக்கிறது, வெளிறு வெளியே இருக்கிறது. பைனிலும் வைரம் உள்ளேதான். ஆனால் நட்ட நடுவில் உள்ள சோற்றியும் அதைச் சுற்றி மரம் இளமையாக இருந்தபோது உண்டான முதல் பத்து முதல் இருபது வளையங்களும் அந்த மரத்தின் மிகப் பலவீனமான பகுதியாகும். மற்ற மரம் நீளவாக்கில் ஏறத்தாழ அசைவதே இல்லை என்ற நிலையில், இந்த இளமரம் நீளவாக்கிலும் சுருங்கும். எனவே ஒரு பக்கம் இளமரமும் மறுபக்கம் முதிர்மரமும் கொண்ட சட்டம் வில்லாக வளையும். உள்மரமே உறுதியானது என்ற நமது வழக்கமான எண்ணத்தை, பைனைப் பொறுத்தவரை, வெட்டுமுகத்தில் சோற்றி தெரியும் துண்டுகளுக்கு மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் மலைநாட்டில் 1970களிலும் 1980களிலும் பெருமளவில் நடப்பட்டது கரிபியப் பைன். பனிக்காலம் இல்லாத இடத்தில் வளர்வதால் அதன் வளையங்கள் அகலமாகவும் தெளிவற்றும் இருக்கும். மழையும் வறட்சியும் மாறி வரும்போதெல்லாம் கரு வரி விழுவதால், வளையங்களை எண்ணி வயதைக் கூற முடியாது. அதில் இளமரத்தின் பங்கும் அதிகம். பெட்டி, இறாக்கை, உட்பக்கச் சட்டங்கள் ஆகியவற்றுக்கு அது போதுமானது. அகலமான மேசைப் பலகைக்கு அதைத் தெரிவு செய்பவர் துண்டு துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

தர முத்திரை எதைச் சொல்கிறது

மென்மரத் தரங்கள் எல்லாம் ஒரே கேள்விக்கு விடை சொல்வன அல்ல. சில தரங்கள் தோற்றத்தை அளக்கின்றன, சில தரங்கள் தாங்கும் வலுவை அளக்கின்றன. வீட்டுச் சட்டத்துக்கென உயர்ந்த தரம் பெற்ற மரத்தில் கணுக்கள் நிறைந்திருக்கலாம். தோற்றத்துக்கென உயர்ந்த தரம் பெற்ற பலகைக்கு வலு மதிப்பே குறிக்கப்படாமலும் இருக்கலாம். வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, இந்தத் தரம் எந்த வகைத் தரம் என்பதே.

வட அமெரிக்க மரத்தில், வலுவுக்கான வரிசை சிலெக்ட் ஸ்ரக்சரல் என்பதில் தொடங்கி முதலாம், இரண்டாம், மூன்றாம் இலக்கங்களாக இறங்கும். தோற்றத்துக்கான வரிசையில் சி சிலெக்ட், டி சிலெக்ட் ஆகியவை மேலே நிற்கும். அவற்றுக்குக் கீழே கணு உள்ள பலகைகள் கொமன் என்ற பெயரில் இலக்கமிடப்படும். ஆகவே இரண்டாம் இலக்கம் என்று மட்டும் ஒருவர் சொன்னால் அது சட்ட மரத்தின் இரண்டா, பலகையின் இரண்டா என்று கேட்டுத் தெளிய வேண்டும். ஐரோப்பிய மரத்தில் சி 16, சி 24 என்ற குறிகள் வலுவைச் சொல்வன; அந்த எண் வளைவைத் தாங்கும் வலுவைச் சதுர மிலிமீற்றருக்கு நியூற்றன் கணக்கில் குறிப்பதால், எண் கூடினால் வலு கூடும். ஐரோப்பியத் தோற்றத் தரத்திலோ 0 மிகச் சிறந்தது, 4 கடைசி. நியூசிலாந்தின் எஸ்.ஜி. 8, அவுஸ்திரேலியாவின் எம்.ஜி.பி. 10 என்பன விறைப்பைக் குறிக்கும் வலுத் தரங்களாகும். ஒரு நாட்டு எண்ணை இன்னொரு நாட்டு எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

வட அமெரிக்க முத்திரையில் பொதுவாக ஐந்து விவரங்கள் இருக்கும்: தரம் பார்த்த அமைப்பின் சின்னம், ஆலையின் இலக்கம், தரம், மர இனம், அறுத்துச் சீவியபோது இருந்த ஈரம். கனடாவில் வாழும் உறவினர்கள் அடிக்கடி காணும் எஸ்.பி.எப். என்ற குறி ஸ்புரூஸ், பைன், பேர் (fir) ஆகிய மூன்று ஊசியிலை மரங்களும் கலந்த தொகுதியைக் குறிக்கிறது. கையிலுள்ள துண்டு மூன்றில் எது என்பதை அது சொல்லாது. தளபாடம் செய்பவருக்கு ஐந்தாவது விவரமே மிகவும் பயன்படும். எஸ்-கிரீன் என்றால் ஈரம் 19 சதவீதத்துக்கு மேல், எஸ்-டிரை என்றால் 19 சதவீதத்துக்கு மேற்படாது, கே.டி. என்றால் சூளையில் உலர்த்தியது, கே.டி. 15 அல்லது எம்.சி. 15 என்றால் 15 சதவீதத்துக்கு மேற்படாது.

பலற் தட்டில் காணப்படும் முத்திரை தர முத்திரையே அன்று. கோதுமைக் கதிர்ச் சின்னம், இரண்டெழுத்து நாட்டுக் குறி, அதன் பக்கத்தில் எச்.ரி. அல்லது எம்.பி. என்ற எழுத்துகள் ஆகியவை பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமல் தடுக்கும் சர்வதேச விதிக்காக இடப்படுபவை. எச்.ரி. என்பது மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடங்கள் சூடாக்கப்பட்டது என்பதையும், எம்.பி. என்பது மெதைல் புரோமைட்டு வாயு ஊட்டப்பட்டது என்பதையும் குறிக்கும். எம்.பி. குறி உள்ளதையும், எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை உள்ளதையும் வீட்டுத் தளபாடத்துக்கு எடுக்க வேண்டாம். சூடாக்கியது என்பதால் உலர்ந்தது என்று கருதிவிடவும் கூடாது. 30 நிமிடச் சூடு பூச்சியைக் கொல்லும், பலகையை உலர்த்தாது.

அளவைப் பற்றி ஒரு சொல். அமெரிக்க முறையில் இரண்டுக்கு நான்கு என்று விற்கும் மரம் சீவி முடிந்தபின் 38 மிலிமீற்றருக்கு 89 மிலிமீற்றரே இருக்கும். வரைபடம் போடுமுன் அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொள்க.

வெட்டுமுகத்தைப் பார்க்கும் முறை

பலகையின் முனையைக் கூரிய உளியாலோ சீவுளியாலோ சிறிது துப்புரவாக்கி, ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் வளையங்கள் தெளிவாகத் தெரியும். அந்த வளையக் கோடுகள் பலகையின் அகன்ற முகத்தோடு எவ்வாறு சந்திக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். கோடுகள் அகன்ற முகத்துக்கு ஏறத்தாழச் சமாந்தரமாகப் படுத்திருந்தால் அது தட்டை வெட்டு. அதன் முகத்தில் கோபுரம் கோபுரமாக அடுக்கிய ரேகை தெரியும். கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது ஆரவெட்டு. முகத்தில் நேர்கோடுகள் மட்டுமே ஓடும். இரண்டுக்கும் இடையில் 45 பாகையை ஒட்டிச் சாய்ந்திருந்தால் சாய்வெட்டு. மரத்தை ஆலையில் அறுக்கும்போது தட்டை வெட்டே அதிகம் கிடைக்கும், ஏனெனில் அதில் கழிவு குறைவு.

இந்த வேறுபாடு அழகோடு நின்றுவிடுவதில்லை. மரம் ஈரம் ஏறும்போது வீங்குகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. வளையத்தின் வழியே அது அசையும் அளவு, வளையத்துக்குக் குறுக்கே அசையும் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பச்சை மரம் முற்றாக உலரும்போது டக்ளஸ் பேர் என்ற ஊசியிலை மரம் வளையத்தின் வழியே 7.6 சதவீதமும் குறுக்கே 4.8 சதவீதமும் சுருங்கும். கிழக்கத்திய வெள்ளைப் பைனில் இவை 6.1, 2.1 சதவீதங்கள். மரவேலைக் கணக்குக்கு, பைன் பலகையின் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் தட்டை வெட்டில் அகலம் ஏறத்தாழ 0.24 சதவீதமும் ஆரவெட்டில் 0.14 சதவீதமும் மாறும் என்று கொள்ளலாம். 300 மிலிமீற்றர் அகலமான பலகையில் ஈரம் 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக ஏறினால், தட்டை வெட்டு 3.6 மிலிமீற்றர் அகலும், ஆரவெட்டு 2.1 மிலிமீற்றர் அகலும். லாச்சி இறுகுவதற்கு இவ்வளவே போதும்.

யாழ்ப்பாணத்தின் காற்றை இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் சோளகம் வீசும் மாதங்களிலும் காற்றின் ஈரம் குளிர்நாட்டுச் சூடாக்கிய வீடுகளின் அளவுக்கு இறங்குவதில்லை. வாடைக் காற்றோடு மாரி தொடங்கினால் அது இன்னும் ஏறும். சாரீரப்பதன், அதாவது காற்றின் ஒப்பீட்டு ஈரம், 75 முதல் 80 சதவீதம் வரை நிற்கும் இடத்தில் மரம் 14 முதல் 16 சதவீத ஈரத்தில் நிலைபெறும். எனவே தளபாடத்துக்கென 8 முதல் 12 சதவீதம் வரை சூளையில் உலர்த்தி வந்த பலகை இங்கே வந்தபின் வீங்கும். 19 சதவீதத்தில் அறுத்த சட்ட மரம் இங்கே வந்தபின் சுருங்கும். முத்திரையின் ஈரக் குறியை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட மரவேலை வழிகாட்டிகள் தட்டை வெட்டுப் பலகை உலரும்போது அதன் பட்டைப் பக்கம் குழியும் என்று படம் போட்டுக் காட்டுகின்றன. அது சரியானதே, மரத்தின் வெளிப்புறம், அதாவது பட்டை இருந்த பக்கம், வளையத்தின் வழியே அதிகம் சுருங்குவதால் அது குழிந்து, சோற்றிப் பக்கம் மேடாகும். ஆனால் நன்கு உலர்ந்து வந்த பலகை நம் மாரியில் வீங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு: பட்டைப் பக்கம் மேடாகும், சோற்றிப் பக்கம் குழியும். படத்தை அப்படியே நம்பிப் பலகையைத் திருப்பி வைத்தால் வளைவு எதிர்பாராத பக்கம் வரும். ஆதலால் முதலில் ஈரத்தைத் தெரிந்துகொண்டு, பிறகு வெட்டுமுகத்தைப் பார்த்து, அதன்பின் எந்தப் பக்கம் மேலே என்று முடிவு செய்க. கால் படும், ஆள் இருக்கும் பலகைகளுக்கு இதையும் மீறிய ஒரு விதி உண்டு. தட்டை வெட்டின் சோற்றிப் பக்கத்தில் கரு வரிகளின் நுனி காலப்போக்கில் செதிலாக எழும்பிக் காலையும் துணியையும் கீறும். எனவே படி, வாங்கு, கட்டில் பலகை ஆகியவற்றில் பட்டைப் பக்கமே மேலே இருக்க வேண்டும்.

ஆரவெட்டுப் பலகை தனியாக விலைக்குக் கிடைப்பது அரிது. ஆனால் 250 முதல் 300 மிலிமீற்றர் வரை அகலமும் 50 மிலிமீற்றரை ஒட்டிய தடிப்பும் உள்ள பலகைகளில், வெட்டுமுகத்தின் நடுவில் சோற்றி தெரியும் துண்டுகளைத் தேடி எடுங்கள். மற்றவர்கள் ஒதுக்கும் துண்டு அது. அதன் நடுவே சோற்றியையும் அதை ஒட்டிய இளமரத்தையும் நீளவாக்கில் அறுத்து நீக்கினால், இரு ஓரங்களிலும் எஞ்சுவது வளையம் செங்குத்தாக நிற்கும் ஆரவெட்டுச் சட்டங்களே. அறுத்ததும் அவை சிறிது வளையலாம் என்பதால் தேவையான அளவைவிட அகலமாக அறுத்து, சில வாரங்கள் அடுக்கி வைத்த பின்னரே இறுதி அளவுக்குச் சீவ வேண்டும். கதவு, யன்னல் சட்டங்களுக்கும் லாச்சியின் பக்கங்களுக்கும் இதைவிட நம்பகமான பைன் இல்லை.

மேசை, கதிரை ஆகியவற்றின் கால்களுக்கு மட்டும் சாய்வெட்டையே நான் விரும்புகிறேன். சதுரக் காலின் வெட்டுமுகத்தில் வளையங்கள் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்ந்து ஓடினால், நான்கு பக்கமும் நேர்ரேகையாகவே தெரியும். ஆரவெட்டுச் சட்டத்தில் கால் எடுத்தால் இரு பக்கம் நேர்ரேகையும் மறு இரு பக்கம் கோபுர ரேகையுமாக ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும்.

நாரோட்டமும் குறைகளும்

பலகையின் ஓரத்தைப் பாருங்கள். கோடுகள் ஓரத்துக்குச் சமாந்தரமாக ஓடாமல் முகத்தை நோக்கி ஏறினால், அவை ஏறும் திசையிலேயே முகத்தைச் சீவ வேண்டும். எதிர்த்துச் சீவினால் நார் பிய்ந்து குழி விழும். ஓரம் தெளிவில்லாத தட்டை வெட்டுப் பலகையில், கோபுர ரேகையின் கூர் எந்தப் பக்கம் நோக்குகிறது என்று பாருங்கள்: சோற்றிப் பக்க முகத்தைக் கூர் காட்டும் திசையிலும் பட்டைப் பக்க முகத்தை அதற்கு எதிர்த்திசையிலும் சீவுக. மரம் முறுக்கி வளர்ந்திருந்தால் இந்த விதி பிழைக்கும். அப்போது மேற்பரப்பின் நுண்வெடிப்புகளைத் தேடுங்கள். உலரும்போது விழும் வெடிப்பு உண்மையான நாரின் வழியே ஓடுவதால், ரேகை நேராகத் தெரிந்தாலும் நார் சாய்ந்திருப்பதை அது காட்டிக்கொடுக்கும். நார் அதிகம் சாய்ந்த துண்டில் கால், கைமரம் ஆகியவற்றை எடுக்கக் கூடாது.

கணுக்களில் இரு வகை உண்டு. கிளை உயிரோடிருந்தபோது சுற்றி வளர்ந்த மரத்தோடு ஒன்றிய கணு சிவந்து இறுக்கமாக இருக்கும். கிளை பட்ட பின் மரம் அதைச் சூழ்ந்து மூடிய கணு கரிய வளையத்தோடு தெரியும், ஒருநாள் கழன்று விழும். முதல் வகை தளபாடத்தில் அழகாகவே அமையும். ஆயினும் எந்தக் கணுவும் பலகையின் ஓரத்தில் இருந்தால் நடுவில் இருப்பதைவிட வலுவை அதிகம் குறைக்கும்.

சாய்ந்து வளர்ந்த ஊசியிலை மரத்தின் அடிப்பக்கத்தில் உண்டாகும் அழுத்த மரத்தைப் பலர் கவனிப்பதில்லை. அதன் வளையங்கள் ஒரு பக்கம் மட்டும் அகன்று, கரு வரியும் வெளிர் வரியும் பிரித்தறிய முடியாதபடி மங்கிய செம்பழுப்பாக இருக்கும். அது நீளவாக்கில் பெரிதும் சுருங்கும். சட்டம் அறுத்தவுடன் வாளைப் பிடிப்பதற்கும் வளைவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அவ்வகைத் துண்டை விலை குறைத்துத் தந்தாலும் வாங்க வேண்டாம். நீலக் கறை அவ்வளவு அஞ்ச வேண்டியதன்று. பூஞ்சையால் வந்த அது நிறத்தைக் கெடுக்கும், வலுவை அதிகம் குறைக்காது. வலு வேண்டுபவர் வளையத்தின் நெருக்கத்தைப் பார்க்கலாம்: மஞ்சள் பைனில் ஓர் அங்குலத்துக்கு 6 வளையங்களுக்குக் குறையாமலும் அதில் மூன்றில் ஒரு பங்கு கரு வரியாகவும் இருந்தால் அது அடர்ந்த மரம் எனத் தரப்படுத்தப்படுகிறது.

வாங்கிய பின்

பலகைகளுக்கிடையே ஒரே தடிப்பான சிறு சட்டங்களை ஒன்றுக்கு நேர்மேல் ஒன்றாக வைத்து, தரையிலிருந்து உயர்த்தி, வெயிலும் மழையும் படாத காற்றோட்டமான இடத்தில் அடுக்குங்கள். ஒரு துண்டைத் தெரிந்தெடுத்துச் சில நாட்களுக்கு ஒருமுறை நிறுத்து வாருங்கள். எடை மாறாமல் நின்றால் மரம் நம் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள். ஈரமானி இல்லாதவர் அதே பலகையின் நடுவிலிருந்து ஒரு சிறு துண்டை அறுத்து நிறுத்து, வெதுப்பியில் 103 பாகையளவில் எடை மாறாத வரை உலர்த்தி, இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரச் சதவீதம் கிடைக்கும். வேலையைத் தொடங்கும் மாதத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். சோளகக் காலத்தில் செய்யும் லாச்சிக்கு இடைவெளி கூட விட்டும், மேசைப் பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டாமல் நீள்துளையில் திருகாணி போட்டும் அமைத்தால், மாரி வரும்போது பலகைக்கு அசைய இடமிருக்கும்.

நிறம் ஏற்றும்போது வெளிர் வரி சாயத்தை அதிகம் உறிஞ்சிக் கருத்துப்போகும், கரு வரி உறிஞ்சாமல் வெளிறி நிற்கும். இதனால் ரேகை தலைகீழாகத் தோன்றும், இடையிடையே திட்டும் விழும். மெழுகு நீக்கிய அரக்கு மெருகை மிக ஐதாகக் கரைத்து முன்பூச்சாகப் பூசினால் இது பெருமளவு குறையும். கணுக்களிலிருந்து பிசின் கசிந்து வண்ணப்பூச்சை மஞ்சளாக்குவதையும் அதே அரக்கு மெருகைச் சற்றுத் தடிப்பாகப் பூசித் தடுக்கலாம்.

கறையானைப் பற்றி இறுதியாகச் சொல்ல வேண்டும். பைனின் வெளிறுக்குக் கறையானை எதிர்க்கும் ஆற்றல் இல்லை. முதிரை நிற்கும் இடத்தில் பைனை நிறுத்தலாம் என்று எண்ணி நிலத்தைத் தொடும் தூணாகவோ வெளிக்கதவு நிலையாகவோ வைக்க வேண்டாம். போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசல் வீட்டுக்குள் வைக்கும் பொருளைக் காக்கும், மழை பட்டால் கரைந்து போய்விடும். வெளிவேலைக்கு ஆலையில் அழுத்தத்தில் மருந்தேற்றிய பச்சை நிற மரம் வேண்டும்; அதற்குத் துத்தநாகப் பூச்சிட்ட அல்லது துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளையே பயன்படுத்துக, கடற்காற்றில் சாதாரண ஆணி நிலைக்காது. அந்த மருந்தில் ஆசனிக்கு இருக்கக்கூடும் என்பதால், அதை அறுத்த துண்டுகளையும் சீவலையும் அடுப்பில் வைக்கவோ, குப்பையோடு எரிக்கவோ, ஆட்டுக் கொட்டிலில் பரப்பவோ கூடாது.